சீதன வீடும் கணிதப் பிரிவும்

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் கல்முனைக்குடியில் உள்ள தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். இறைச்சிக் கறி, பருப்பு, பொரித்த கத்தரிக்காய்... எல்லாம் வழக்கம்போல. வழக்கத்துக்கு மாறாக இருந்தது தங்கை மகள் ஸஹ்னாவின் முகம் மட்டும்தான்.

பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்திருந்தது. கணிதத்துக்கு ‘ஏ’. விஞ்ஞானத்துக்கும் ‘ஏ’. பிறகு எதற்கு இந்த முகம்?

“உயர்தரத்துக்கு ஆர்ட்ஸ்ல சேர்க்கப் போறம் காக்கா” என்றாள் தங்கை நஸ்ரியா, சோறு போட்டுக்கொண்டே. “டீச்சராப் போயிருவாள். வேலையும் கிட்ட, ஊடும் கிட்ட.”

“அவள் என்ன கேட்கிறாள்?”

“மேத்ஸாம்!”

அவள் சொன்ன தொனியில் அது ஏதோ தொற்று நோயின் பெயர் போலிருந்தது.

ஸஹ்னாவிடமே திரும்பினேன். “ஏன் புள்ள மேத்ஸ்?”

“ஒலுவில் பக்கம் கரையக் கடல் திண்டுட்டு வருது மாமா. கல்லுப் போட்டும் நிக்கல்ல. ஏன் நிக்கல்ல எண்டு எனக்குத் தெரியணும். இஞ்சினியரிங் படிச்சாத்தான் தெரியும்.”

மச்சான் றவூப் கஞ்சன் இல்லை, பழைய பஞ்சாங்கமும் இல்லை. பஸாரில் புடவைக் கடை வைத்திருக்கிறார். மகளுக்கு மூளை இருக்கிறது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறவர். அவர் ஜன்னலைக் காட்டினார்.

“அங்க பாருங்க மச்சான்.”

பார்த்தேன். அதே வளவுக்குள் புது வீடு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. ஸஹ்னாவின் சீதன வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார்.

“ஊடு இஞ்ச இரிக்கி. இஞ்சினியராப் போனா வேல எங்க? கொழும்பில. இல்லாட்டி இன்னும் தூரத்தில. பூட்டி வைக்கிறதுக்கா நான் ஊடு கட்டுறன்?”

நியாயம்தானே? எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் தோன்றியது. அடுத்த நிமிடம்தான் உறைத்தது. வேறு ஊர்களில், பெண் இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவாள் என்று படிப்பை மறிப்பார்கள். நாங்கள் அவள் எங்கேயும் போகமாட்டாள் என்று மறிக்கிறோம். போனாலும் குற்றம், இருந்தாலும் குற்றம்!

அவர்களின் மூத்த மகன் அஃப்ராத்தின் கதை வேறு. கணிதத்தில் தட்டுத்தடுமாறி ‘சீ’ எடுத்தவன். அவனை நேரே கணிதப் பிரிவில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆண் பிள்ளை... எங்கும் போகலாம். என்றைக்கோ ஒரு நாள் மனைவி வீட்டுக்குப் போகப்போகிறவன்தானே! முதல் தடவை உயர்தரத்தில் சித்தியடையவில்லை. இப்போது இரண்டாம் தடவைக்கு டியூஷன் போகிறான்.

“வாப்பா, ஒலுவில் கெம்பஸ்லயும் இஞ்சினியரிங் இரிக்கி” என்றாள் ஸஹ்னா. “ஊட்டுல இருந்தே போய் வரலாம்.”

“அங்க கிடைக்காட்டி?”

“கிடைக்கிற இடத்துக்குப் போவன்.”

நஸ்ரியா அகப்பையைக் கீழே வைத்தாள். “அப்ப எனக்கு ஒரு சுகமில்லாமப் போனா ஆர் பார்க்கிற?”

இதுதான் உண்மையான காரணம் — வேலை, தூரம் எல்லாம் மேல்பூச்சு.

“நான் இரிக்கன்தானே உம்மா” என்றான் என் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அஃப்ராத்.

“நீ பொண்டாட்டி ஊட்டுக்குப் போறவன். சும்மா இரி.”

“அப்ப அந்தப் புது ஊட்ட எனக்குத் தாங்க. நான் எங்கயும் போகாம இஞ்சயே இரிக்கன். அவள் போய்ப் படிக்கட்டும்.”

“அல்லாஹ்வே! ஆம்புளப் புள்ளைக்கு ஊடா? ஊரே சிரிக்கும்!”

“சிரிச்சிட்டுப் போகட்டும். மாமி ஊட்டுச் சோத்த விட ஒங்கட சோறு நல்லம்.”

எல்லோரும் சிரித்துவிட்டோம். ஸஹ்னாகூட. அஃப்ராத் மட்டும் சிரிக்கவில்லை. சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னான்:

“அவளையாவது கேட்டுச் செய்யுங்க வாப்பா. என்னக் கேட்டிருந்தா நான் கொமர்ஸ் எண்டுதான் சொல்லியிருப்பன்.”

“ஏன்டா அப்ப சொல்லல்ல?” என்றார் றவூப்.

“நீங்க கேக்கல்லயே.”

றவூப் எழுந்து கை கழுவப் போனார். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. பிள்ளையின் விருப்பத்தையோ கெட்டித்தனத்தையோ பார்த்துத்தான் பாடம் தெரிவு செய்கிறோம் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம், இல்லையா? அந்த வீட்டில் ஒருத்திக்குக் கூரை பாடத்தைத் தீர்மானித்தது. மற்றவனுக்கு மீசை தீர்மானித்தது. அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை; அவனிடம் யாரும் வாய் திறந்து கேட்கவேயில்லை.

துவாயில் கை துடைத்தபடி திரும்பி வந்தார். “திங்கக்கிழம ஸ்கூலுக்கு நான் வாறன். மேத்ஸுக்கே போடுவம். ஆனா கெம்பஸ் எண்டா முதல்ல ஒலுவில்தான் கேக்கணும். சரியா?”

“ஓம் வாப்பா.”

“டேய், ஒன்ட விஷயம் அசறு தொழுதிட்டு வந்து கதைப்பம்.”

நஸ்ரியா அகப்பையை மறுபடி கையில் எடுத்தாள். “அப்ப நானும் வாறன். அந்த வகுப்ப ஒருக்காப் பார்க்கணும்” என்றாள்.

ஸஹ்னாவை மேத்ஸில் சேர்த்தாகிவிட்டது. வகுப்புத் தொடங்கிய அன்று மாலை தங்கையிடமிருந்து போன்.

“காக்கா, மேத்ஸ் வகுப்பில பொம்புளப் புள்ளைகள் கொஞ்சம் பேர்தான். ஆனா அத்தின பேர்ட உம்மாமாரும் வாசல்ல நிக்கிறாங்க! நல்லாக் கதச்சிட்டு வந்தன்.”

“ஆம்புளப் புள்ளைகளோட ஆர் வந்த?”

“அவனுகளோட ஆர் வாற? அவனுகள் தன்ட பாட்டுக்கு வந்து இரிக்கானுகள்.”

அதில் எத்தனை அஃப்ராத்கள் இருக்கிறார்களோ... கேட்டால்தானே தெரியும்!