ஏழாம் நம்பரை இறக்கியவள்

புதுப்பட்டினம் கடைத்தெருவுக்குப் பின்னாலுள்ள சந்தில் வச்சலாவுக்கு ஒரு பெயர் உண்டு: தனியாளாக ஆளைத் தூக்குகிறவள். ஆளின் முழங்கால்களுக்கு நடுவே தன் காலைக் கொடுத்து, இடுப்புத் துணியைப் பிடித்து, முன்னால் சாய்த்து ஒரு திருப்பு திருப்பினால் எழுபத்தெட்டுக் கிலோ கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் போய்விடும். அந்த எழுபத்தெட்டுக் கிலோ அவள் புருஷன் பூவராகவன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவன் பாட்டுக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தான். திருக்கழுக்குன்றத்திலிருந்து கூவத்தூர் வரை கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் ‘கடலலை இன்னிசைக் குழு’ என்ற பேனருக்குக் கீழே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்பான். ஒருநாள் காலை பல் தேய்க்கும்போது கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் வச்சலா. “வாயுடி. போயி பூண்டு தட்டு” என்றான். சாப்பிட்டான், தூங்கினான், சாயங்காலம் எழுந்திருக்கப் பார்த்தான். வலது கையும் வலது காலும் கூட வரவில்லை. காலையிலேயே போயிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும் என்று செங்கல்பட்டில் டாக்டர் சொன்னார். அதைப் பூவராகவன் பின்னாளில், “இவ...இட்...டுகினு போவல” என்று திக்கித் திக்கி மாற்றிவிட்டான்.

பேச்சும் போனது, ஆனால் முழுதாகப் போகவில்லை. சோறு என்று சொல்ல வராது. தண்ணீர் என்பதற்குப் பதில் வேறு ஏதோ வரும். வசவு மட்டும் எழுத்துப் பிசகாமல் வரும். எண்களும் வரும். இந்த நோயில் அப்படி நடப்பதுண்டு, நர்ஸ்கள் பார்த்திருப்பார்கள். வீட்டிலிருப்பவர்களுக்குத்தான் ஆள் வேண்டுமென்றே வைகிறான் என்று தோன்றும். பூவராகவன் விஷயத்தில் இரண்டும் உண்மை.

வச்சலா மீனவக் குடும்பத்துப் பெண். எட்டாவது வரை படித்தாள். அம்மாவோடு கூடை தூக்கினாள், பிறகு கல்பாக்கம் குடியிருப்புகளில் சமையல் வேலை பார்த்தாள். புருஷன் படுத்த பிறகு அதையும் விட்டாள். மகள் சுவேதா கல்யாணமாகி மறைமலைநகரில் இருக்கிறாள். அப்பா வாய்க்குப் பயந்து வருவதில்லை. பாட்டைப் பற்றி வச்சலாவுக்கு அதிகம் தெரியாது. இருபத்தாறு வருடமாக அவனும் கீபோர்டைத் தொட விட்டதில்லை. மீன் கவிச்சு ஒட்டுமாம்.

படுத்த ஆறாம் மாதம் அவனே கீபோர்டைக் கட்டிலருகே எடுத்துவரும்படி சைகை காட்டினான். பழைய கீபோர்டு, அதன் சொந்தச் சத்தம் தகரம் மாதிரி இருக்கும். அதனால் ஒரு ஒயரில் அவன் போனோடு இணைத்திருப்பான். கட்டையை அழுத்தினால் போனில் இருக்கும் ஆப் புல்லாங்குழலாகவோ வயலினாகவோ பாடும். ஒரே தொல்லை, போனிலிருந்து சத்தம் ஒரு இமைப்பொழுது தாமதமாக வரும். வாசிக்கிறவனுக்கு அது ஆகாது. அதனால் அவன் காதில் ஹெட்போன் மாட்டிக் கீபோர்டின் தகரச் சத்தத்தைக் கேட்டு வாசிப்பான். ஊர் கேட்பது போனின் சத்தத்தை.

இடது கை இருந்தது. கீழே பெடலை மிதிக்க வலது கால்தான் இல்லை. பெடல் இல்லையென்றால் ஸ்வரம் ஒன்றோடொன்று சேராமல் அறுந்து அறுந்து விழும். போனை வச்சலாவின் கையில் கொடுத்து, திரையில் ஒரு பொத்தானைக் காட்டினான்.

“அறுபத்து நாலு” என்றான்.

“இன்னா அது?”

“அறுபத்து நாலுடி, சனியனே!”

அந்த நேரத்தில் பார்க்க வந்திருந்த உவைஸ்தான் விளக்கினான். குழுவில் ரிதம் பேடு வாசிப்பவன்; பகலில் கடைத்தெருவில் செல்போன் கடை.

“அக்கா, இதுக்குப் பேரு மிடி. இந்த ஒயர்ல சத்தம் போறதில்ல, ஆர்டர்தான் போவுது. ஓட்டல்ல சர்வர் உள்ளார கத்துறான் பாரு, எந்த டேபிளு, இன்னா ஐட்டம், எத்தினி? அது மாதிரி. எந்த சேனலு, எந்த நம்பரு, எவ்ளோன்னு மூணு சொல்லும். நம்பர் அறுபத்து நாலுன்னா பெடலு. ஏழுன்னா வால்யூம். ஒண்ணுன்னா குரல் நடுங்கும். எவ்ளோன்றது சைபர்ல இருந்து நூத்தி இருபத்தேழு வரிக்கும்.”

“நூறோட நிறுத்தினா இன்னாவாம்?”

“அத வெள்ளக்காரன கேளு. இன்னொன்னு, ஒருவாட்டி சொன்னா அப்படியே நிக்கும். நீ மாத்திச் சொல்ற வரிக்கும் ஏழ சைபர்ல வெச்சா சைபர்தான். இவரு தலகீழா நின்னு வாசிச்சாலும் சத்தம் வராது.”

“பரவால்லியே. வாயிக்கும் இது மாதிரி ஒண்ணு கீதா?” என்றாள் வச்சலா. உவைஸ் சிரித்தான். கட்டிலிலிருந்து எவர்சில்வர் டம்ளர் பறந்து வந்து அவள் தோளில் பட்டது.

கற்றுக்கொண்டாள். தினமும் காலை குளிப்பாட்டி, புட்டத்தில் புண் பார்த்து, மடங்கிய கையை நீட்டி மடக்கி, நாற்காலியில் ஏற்றி, பத்து மணிக்குப் போனோடு அவன் பக்கத்தில் உட்காருவாள். அவன் எண்களைக் கத்துவான், அவள் விரல் போகும். பெடலைத் தாமதமாக விட்டால் ஸ்வரங்கள் குழைந்த சோறாகும். முழங்கையால் ஒரு இடி. ஏதாவது ஒரு ஸ்வரம் நிற்காமல் ஊளையிட்டால் “நூத்தி இருபத்து மூணு!” என்று அலறுவான். அது எல்லாவற்றையும் வாயடைக்கும் எண். மூன்று மாதத்தில் அவன் வாயைத் திறக்குமுன் அவள் விரல் போய்விடும். அதற்கும் திட்டு விழுந்தது: “மு...முந்தாதடி.”

பிறகு அவளை அனுப்பிவிட்டுத் தனியாகவும் வாசித்துக்கொண்டிருப்பான். அதுதான் அவள் இதைச் சகித்ததற்குக் காரணம். கீபோர்டில் அவன் இருக்கும் நாலு மணி நேரத்தில் அவள் துணி துவைத்தாள், சமைத்தாள், சில நாள் அரைமணி தூங்கினாள். கீபோர்டு வருமுன் இருந்த ஆறு மாதமும் அவளுக்கு நினைவிருந்தது. விரிப்பை மாற்றி முடித்த கையோடு, அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே நனைப்பான். நாளுக்கு ஐந்து விரிப்பு.

ஆடி மாதம் குழுத் தலைவர் நரசிம்மன் வந்தார். சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணிக்குக் கச்சேரி, பன்னிரண்டு பாட்டு.

“பூவு, பழகின தோஷத்துக்கு ஒரு சான்ஸ் தரேன். ஒண்ணே ஒண்ணு. சொதப்புனா அப்பாலிக்கு என் வாசப்படி மிதிக்காத.” நரசிம்மன் அவன் காலைப் பார்த்துவிட்டு, “மிதிக்கவும் முடியாது” என்று சேர்த்துக்கொண்டார்.

பூவராகவன் சிரித்தான். வச்சலா சிரிக்கவில்லை. மேடை கைவிட்டுப் போனால் இவன் கீபோர்டைத் தொடமாட்டான். நாலு மணி நேரம் போய், ஐந்து விரிப்பு திரும்பி வரும். அவளுக்கு அது மட்டும்தான் கணக்கு.

அந்த ஞாயிறு, நாலு பேர் சேர்ந்து அவனை நாற்காலியோடு மேடையேற்றினார்கள். கறுப்புக் கண்ணாடி, சந்தன நிறச் சட்டை. வச்சலா பின்னால் ஒரு முக்காலியில் போனோடு உட்கார்ந்தாள். முதல் பாட்டு அம்மன் பாட்டு. வீட்டில் நன்றாக வந்த இடது கை கூட்டத்தைப் பார்த்ததும் விறைத்துக்கொண்டது. இரண்டு கை வாசிக்க வேண்டியதை ஒரு கை துரத்திப் பிடிக்கப் பார்த்தது. பாடுகிறவள் ஒரு பக்கம் போனாள், கீபோர்டு ஒரு பக்கம் போனது.

“யோவ், கீபோர்டுக்கு விக்கலு! தண்ணி குடுங்கய்யா!” என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

“ஒத்தக் கைய அம்மன் உண்டியல்ல போடலாம்யா, இங்க இன்னாத்துக்கு!” என்றான் இன்னொருவன். நல்ல சிரிப்பு எழுந்தது. ஹெட்போன் மாட்டியிருந்த பூவராகவனுக்கு அது காதில் விழவில்லை. தன் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான். நரசிம்மன் திரும்பி வச்சலாவைப் பார்த்து விரலால் தன் கழுத்தை அறுப்பது போலக் காட்டினார்.

ஆப்பில் இரண்டு சேனல்கள் இருந்தன. ஒன்றாவது சேனலில் இப்போது வாசிக்கும் கை. இரண்டாவதில், நோயில் படுப்பதற்கு முன்பு வீட்டில் பயிற்சிக்காக அவனே வாசித்துப் பதிந்து வைத்த பாட்டுகள், இரண்டு கையோடு. பாட்டு தொடங்கும்போது அந்தப் போனிலிருந்து உவைஸ் காதுக்குப் போகும் தாளக் கணக்கோடு அவையும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஏழாம் நம்பர் சைபரில், சத்தமில்லாமல். வீட்டில் அவற்றை ஒருதரம் ஏற்றியதற்கு அவன் அவள் மயிரைப் பிடித்து இழுத்திருக்கிறான்.

இரண்டாம் பாட்டு தொடங்கியதும் வச்சலா ஒன்றாவது சேனலின் ஏழாம் நம்பரைக் கீழே இழுத்தாள். சைபர். இரண்டாவது சேனலின் ஏழாம் நம்பரை மேலே தள்ளினாள். நூற்றுப் பத்து.

கூட்டம் நிமிர்ந்தது. உவைஸின் குச்சி ஒரு அடி தடுக்கி, பிறகு பிடித்துக்கொண்டது. அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. பூவராகவன் இடது கையால் தட்டுத்தடுமாறித் தகரத்தை வாசித்துக்கொண்டிருந்தான். குப்பம் முழுக்க அவன் பழைய பத்து விரல்களும் ஓடின. ஒலிபெருக்கிகள் கடலைப் பார்த்திருந்தன. ஏதோ கொஞ்சம் அவன் காதில் விழுந்திருந்தாலும் தன் வாசிப்பு என்றே நினைத்திருப்பான். அதுவும் பொய்யில்லை.

பதினோரு பாட்டு. முடிந்ததும் பெண்கள் வந்து அவன் இடது கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். “ஒரே கையில இப்டியா!” பூவராகவனின் பாதி முகம் மலர்ந்தது.

“பாத்...தியாடி?” என்றான். “நா...ஒரு கை.”

“பாத்தேன்” என்றாள் வச்சலா, அவன் எச்சிலைத் துடைத்து.

மறுநாள் காலை அவனுக்குத் தன் பெருமையைக் கேட்க வேண்டியிருந்தது. ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு, போனின் சத்தத்திலேயே வாசிக்கக் கட்டையை அழுத்தினான். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினான். பிறகு போனை எடுத்துப் பார்த்தான். ஒன்றாவது சேனல், ஏழு, சைபர். இரண்டாவது சேனல், ஏழு, நூற்றுப் பத்து. அவள் திருப்பி வைக்க மறந்துவிட்டாள். அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடிப்பான் என்று வச்சலா ஒரு எட்டு தள்ளி நின்றாள். அவன் அடிக்கவில்லை.

“எத்தினி?” என்றான்.

“ரெண்டாவதுலர்ந்து.”

“பன்னெண்டு வ...வரிக்கும்?”

“ஆமா.”

“யா...யாரு?”

“நீதான். முந்தி இருந்தியே, அந்த நீ.”

அன்று அவன் கீபோர்டைத் தொடவில்லை. மதியத்துக்குள் மூன்று விரிப்பு மாற்றினாள்.

புதன்கிழமை அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அவள் சின்னப் போன் அடித்தது. கை ஒழியாததால் ஸ்பீக்கரில் போட்டாள். நரசிம்மன்.

“வச்சலா, வெள்ளிக்கிழம மதுராந்தகத்துல ரிசப்ஷன். நாலு மணிக்கு வேன் வரும். அவன இட்டார வாணாம், நாக்காலிய தூக்கி எறக்கறதே பேஜாரு. அந்தப் போன எடுத்துகினு நீ மட்டும் வா. பழசு மொத்தம் அதுல கீது இல்ல?”

“கீது.”

“உன் கையி சுத்தமா கீதுன்னு உவைஸ் சொன்னான். இன்னா, வரியா?”

வச்சலா கரண்டியை அவன் வாயருகே பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் வாய் திறந்தபடி இருந்தது. மேடை அவனுக்குப் போய்விட்டது, இனி விரிப்புகள்தான். ஆனால் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேல் அவள் இந்த அறையில் இருக்கவேண்டியதில்லை.

“வரேன் அண்ணாத்த” என்று சொல்லிக் கரண்டியை உள்ளே விட்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு, பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்ட எதிர்வீட்டு அமீனா பீவி வந்து உட்கார்ந்தார். வச்சலா புடவை மாற்றிக்கொண்டு அவன் போனை எடுத்தாள். பூட்டியிருந்தது. எப்போதும் போடும் நான்கு எண்ணைப் போட்டாள். திறக்கவில்லை. இடது கை ஒன்றாலேயே எப்போதோ மாற்றியிருக்கிறான்.

“இன்னா நம்பரு?”

அவன் சிரித்தான். எண்ணும் வசவும் தவிர எதுவும் நேராக வராத வாய் இப்போது இறுக மூடியிருந்தது.

“சொல்லு. வேன் வந்துரும்.”

“போடி.”

அமீனா பீவி, “வுடும்மா, அவரு பொருளு” என்றார்.

“இருங்க, பீவிம்மா” என்றாள் வச்சலா. அந்தப் போனை வாங்கிய நாளில் பூட்டைத் திறக்க அவன் வலது கட்டைவிரல் ரேகையைத்தான் பதிந்து வைத்தான். எண்ணை மாற்றியவன் ரேகையை அழிக்கவில்லை. அந்தப் பக்கமே அவனுக்கு மறந்துபோயிருந்தது; சட்டை மாட்டும்போதுகூட அந்தக் கையை விட்டுவிடுகிறவன். தினம் கழுவித் துடைக்கிறவளுக்கு மறக்குமா?

போர்வையை விலக்கினாள். உள்ளங்கைக்குள் சுருண்டிருந்த விரல்களைச் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவசரப்பட்டால் இன்னும் இறுகும். அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. இடது கையால் அவள் முதுகில் குத்தினான், காதைப் பிடித்துத் திருகினான், சுத்தமான தமிழில் அவளையும் அவள் அம்மாவையும் வைதான். வலது கையை இழுக்கத்தான் அவனால் முடியவில்லை. கட்டைவிரலைத் துணியால் துடைத்து, போனின் பக்கவாட்டில் வைத்து அழுத்தினாள். திறந்தது.

இரண்டு சேனலின் ஏழாம் நம்பரையும் பார்த்துக்கொண்டாள். வெளியே வேன் ஹாரன் அடித்தது. தொங்கவிட்டால் வீங்கும் என்பதால் அந்தக் கையைத் தூக்கித் தலையணைமேல் வைத்து, விரல்களுக்குள் சுருட்டிய துணியைச் செருகிவிட்டு, வச்சலா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.