வாய் மட்டும் அசைந்த மூன்று நாள்

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மகள் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனதால் அவள் பெற்ற பெண்ணையும் ஆறாவதாக வளர்த்தேன். ஆறு பேரில் ஒருவரும் இப்போது இங்கே இல்லை. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசை அறைகளாக நீளும் லயத்தின் கடைசிக் காம்பராவில் நான் மட்டும் இருக்கிறேன்.

பேத்தி கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். போகும்போது அவளுடைய பழைய போனை என்னிடம் விட்டுப் போனாள். கடையில் போன் பேசக் கூடாதாம், அதனால் எழுதித்தான் அனுப்புவாள். எனக்கு என் பெயரை எழுதத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. பக்கத்துக் காம்பராக்காரி வந்து முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து வாசித்துச் சொல்வாள். ஒரு நாள், பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என பேத்தி எழுதியிருந்தாள். காலையில் பக்கத்துக் காம்பராக்காரி அதை வாசித்தாள். மத்தியானம் நான் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால், அங்கே நின்ற பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். குடத்தைப் பாதியிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் பிள்ளை எனக்கு எழுதுவதை இனி நான்தான் வாசிப்பேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

டவுன் நூலகத்தில் பெரியவர்களுக்குப் போன் வழியாக எழுத்துச் சொல்லிக் கொடுப்பதாகக் கோவில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பஸ் ஏறிப் போய்ப் பெயர் கொடுத்தேன். நூலகத்து டீச்சர் என் போனில் இரண்டு படங்களை வைத்துக் கொடுத்தார். ஒன்றைத் தொட்டால் வகுப்பு. மற்றதைத் தொட்டால் புத்தகம். சொல்லின் மேல் விரலை வைத்தால் அந்தச் சொல்லை அதுவே வாசித்துக் காட்டும்.

"இருவது பேருக்குத்தாம்மா எடம். தொடர்ந்து மூனு நாள் வராட்டி வேற ஆளப் போட்டுருவோம்" என்றார்.

"பெரட்டுக்கே பிந்தாதவ நான். இதுக்கா பிந்தப் போறேன்?" என்றேன்.

பெரட்டு என்றால், விடிந்ததும் வேலைக்குப் போகுமுன் நாங்கள் கூடி நிற்கும் இடம். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார். நிமிர்ந்து நின்று சத்தமாக "இருக்கேங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லாதவளுக்கு அன்றைக்கு வேலை இல்லை. பிள்ளை பெற்ற நாட்களைத் தவிர, என் பேர் விழாத நாள் கிடையாது.

லயத்தில் மெசேஜ் வரும், வகுப்புக்குச் சிக்னல் எடுக்காது. மேலே தண்ணீர்த் தாங்கியடியில்தான் எடுக்கும். வகுப்பு பத்து மணிக்கு. ஒன்பதரைக்கே சுவெட்டரைப் போட்டுக்கொண்டு ஏறிப் போய், போனைத் தாங்கியின் விளிம்பில் சாய்த்து வைத்து, அதற்கு எதிரே நின்றேன். டீச்சர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். என் பேர் வந்ததும் "இருக்கேங்க" என்றேன். அவர் இரண்டாம் தரமும் கூப்பிட்டார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். எதிர்மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சரோ அடுத்த பேருக்குப் போய்விட்டார். மூன்று நாளும் இதே கதை. நாலாம் நாள் படத்தைத் தொட்டால் வகுப்பு திறக்கவில்லை.

அன்றைக்கே டவுனுக்குப் போனேன்.

"மூனு நாளும் பேரு கூப்பிட்டீங்க. மூனு நாளும் சொன்னேன். ஒங்க காதுல விழலியா, இல்ல தோட்டத்துக் கெழவிதானேன்னு விட்டுட்டீங்களா?"

"ஐயோ அம்மா, ஒங்க சத்தமே வரல. இப்பிடி வாங்க, காட்டுறேன்."

வகுப்புக்கு வராதவர்கள் பிறகு பார்க்கட்டும் என்று எல்லா நாளையும் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்திருந்தார். முதல் நாளை ஓட்டினார். சின்னச் சின்னக் கட்டங்களாக முகங்கள். ஓரத்துக் கட்டம் நான். பாதி முகம், மீதி வானம். என் பேரைக் கூப்பிடுவது கேட்டது. என் வாய் அகலமாகத் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் மட்டும் இல்லை.

"மைக்க மூடித்தான் வச்சிருப்பேன். நீங்கதான் அதத் தொட்டுத் தெறக்கணும்."

"யாரு சொன்னா?"

"மொத நாளே ஸ்க்ரீன்ல எழுதிப் போட்டிருந்தே…" என்றவர் பாதியில் நிறுத்தி, தலையில் கை வைத்துக்கொண்டார். "எழுத்துப் படிக்க வந்தவங்களுக்கு எழுதிப் போட்டிருக்கேன் பாருங்க, நான்!"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் கண் அந்தக் கட்டத்தை விட்டு வரவில்லை. பேத்தி போனதிலிருந்து காம்பராவில் நான் வாய்விட்டுப் பேசுகிற பேச்சும் வெளியே இருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது.

"எதுக்கும்மா ஒரு மணித்தியாலமும் நின்னுக்கிட்டே இருந்தீங்க?"

"பேரு கூப்பிட்டா ஒக்காந்துக்கிட்டா சொல்லுவாங்க?"

என் இடத்துக்கு வேறு ஒருவரைச் சேர்த்தாயிற்றாம். பேர்ப் பட்டியலைத் திறந்தார். பிறகு, "இருவத்தொரு பேரா இருக்கட்டும். மூனு நாளும் நீங்க வந்ததுதான்" என்று என் கண் முன்னாலேயே மூன்று சரிகளைப் போட்டார்.

அடுத்த நாளிலிருந்து மைக்கைத் திறந்து வைத்துச் சொன்னேன். நிற்பதை மட்டும் விடவில்லை.

பல மாதம் கழித்து, பேத்தி எழுதியதை முதல்முதலாக நானே வாசித்தேன். 'அம்மாயி, மழைக்குள்ள வெளிய போகாதீங்க.' அந்த ஒரு வரியை வாசித்து முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிப் போனது.

பக்கத்துக் காம்பராக்காரி எட்டிப் பார்த்தாள். "மெசேஜ் ஒன்னும் வரலியாக்கா? குடுங்க, வாசிச்சுச் சொல்றேன்."

"வந்துச்சு. வாசிச்சுட்டேன்."

"என்னாவாம்?"

"அது எனக்குப் போட்டது."

அதற்குப் பிறகு அவள் வருவது குறைந்து, நின்றே போனது. இதை நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. மழை நாட்களில் அவள் உட்காரும் இடத்தைப் பார்த்துக்கொண்டே புத்தகப் படத்தைத் திறந்து, விரலை வைப்பேன். அது வாசிக்கும். அவளைப் போல 'சாப்பிட்டீங்களாக்கா' என்று அது கேட்காது.

வகுப்பு முடிகையில், ஆளுக்கொரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் டீச்சர். போனில் வாசிக்கிற நூலகத்துப் புத்தகங்களோடு சேர்த்து வைப்பாராம். ஒரு நாளைக்கு நாலு வரியாக எழுதிய பக்கம் இது. படம் எடுத்துப் பேத்திக்கு அனுப்பிவிட்டேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அவளுக்குக் கடை லீவு. தாங்கியடியில் நின்று, கடைசி வரியாக இதையும் எழுதி அனுப்புகிறேன்:

கண்ணு, மைக்கத் தெறந்து வச்சிருக்கேன். மொதல்ல இருந்து வாசி. மெதுவா வாசி. நான் சொன்னது ஒனக்குக் கேட்டுச்சான்னு பாக்கணும்.