எருதுவால் நார்

பேசிக்கொண்டிருக்கும்போதே அரசப்பனின் விரல்கள் எதையாவது முறுக்க ஆரம்பித்துவிடும். இட்லிப் பொட்டலம் கட்டி வந்த வாழைநாராக இருக்கலாம், மேசையில் கிடக்கும் நூலாக இருக்கலாம். அதை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக இடப்பக்கம் திரித்து, பிறகு மூன்றையும் சேர்த்து வலப்பக்கமாக முறுக்கி எதிரில் இருப்பவரிடம் நீட்டுவார். “இழுத்துப் பாருங்க சார். அறுக்க முடியுதா?” முடியாது. “இதாங்க கொலாஜன். உங்க தோலு, எலும்பு, குதிகால் நரம்பு எல்லாம் இந்த முறுக்குலதான் நிக்குது.”

சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் புரதங்களின் அமைப்பை ஆராய்பவர் அவர். நாற்பதை நெருங்கும் வயது. எவ்வளவு வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டில் போட்டுக்கொள்வார். விலங்குகளின் வாலிலிருந்து உருவிய தசைநாரை ஈரமாக்கி, சின்ன எடையைத் தொங்கவிட்டு விறைப்பாக இழுத்து, எக்ஸ்ரே கதிருக்கு முன்னால் நிறுத்திவிட்டுக் காத்திருப்பது அவர் தொழில். பிலிமில் கறுப்புப் பொட்டுகளும் பிறைகளும் விழும். அவற்றின் இடைவெளியை அளந்து, உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கணக்குப் போடுவார். கொலாஜனின் சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் ஏன் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலமே உட்காருகிறது என்று மாணவர்கள் கேட்டால், “உள்ள இடம் ரொம்பக் குறைச்சல்யா. மூணாவது ஆளு எப்பவும் பொடியனாத்தான் இருக்கணும். அங்க ஒரு தடியன் நுழைஞ்சான்னா முறுக்கே குலைஞ்சிடும்” என்பார்.

அவர் அறைச் சுவரில் ஒரு எக்ஸ்ரே படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. பிறைகள் ஒவ்வொன்றும் நகத்தால் கீறியதுபோல் அத்தனை கூர்மை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள்கூட அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். “எங்கே கிடைத்த நார்?” என்று யாராவது கேட்டால் மட்டும், மற்ற எல்லாவற்றுக்கும் மணிக்கணக்கில் விளக்கம் சொல்லும் மனிதர், “ஊர்ப் பக்கம்” என்று சொல்லிவிட்டு மேசை விளக்கைச் சரிசெய்யப் போய்விடுவார்.

ஊர் கூத்தாநல்லூருக்குப் பக்கம். அவருடைய அப்பா வேம்பு அங்கே ஒரு பண்ணையில் மாட்டுக்காரராக இருந்து, அந்த மாட்டுக் கொட்டகையிலேயே காய்ச்சல் கண்டு இறந்துபோனவர். மாடு மேய்ப்பது மட்டுமல்ல, செத்த மாட்டைத் தூக்குவதும் அவர் குடியிருந்த சேரித் தெருக்காரர்களின் வேலை என்று ஊர் வைத்திருந்தது. அதற்குக் கூலி கிடையாது. மாட்டேன் என்று சொல்லவும் வழி கிடையாது. குடிசை நின்ற மண்ணே பண்ணையுடையது.

கழக ஆட்சி வந்து, குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டமும் வந்த பிறகு, தெருவுக்கு முதுகு நிமிர்ந்தது. அரசப்பனின் சித்தப்பா வீரையன் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தார். அவர் முன்னின்று தெருவைக் கூட்டினார். இனிமேல் யாரும் செத்த மாடு தூக்குவதில்லை என்று முடிவாயிற்று. பண்ணை சும்மா விடவில்லை. அந்தச் சம்பா அறுப்புக்கு வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. தட்டிக் கேட்கப் போன வீரையனுக்கு மண்டையில் அடி விழுந்தது. அந்த வருஷம் தெரு முழுக்க நத்தையும் நண்டும் தின்று காலம் தள்ளியது. ஆனாலும் ஒருவரும் மாட்டைத் தொடவில்லை. பண்ணை தன் சொந்த ஆட்களை வைத்துக் குழி தோண்டிப் புதைத்துக்கொண்டது.

அரசப்பன் அப்போது சென்னையில் ஆராய்ச்சி மாணவர். வயதாக ஆக நார் கடினப்படுகிறதே, அதன் உள்ளமைப்பும் மாறுகிறதா என்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி. இறைச்சிக்கூடத்தில் வாங்கும் வாலுக்கு வயது சொல்ல ஆள் இல்லை. பிறந்த வருஷம் தெரிந்த கிழட்டு மாடு ஒன்று வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தார்.

பொங்கலுக்கு ஊர் வந்திருந்தபோது, அவருடைய அம்மா அம்சம் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: “பண்ணையில அந்த மயிலை எருது செத்துப்போச்சாம்ப்பா. உங்கப்பா கையில பொறந்த கன்னு.”

அரசப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. துக்கத்தினால் அல்ல. அவர் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பிறந்த கன்று அது. வயது சந்தேகமில்லாமல் தெரியும். ஆயுசு முழுக்க ஏர் இழுத்த மாடு. இப்படி ஒன்று இனி கிடைக்காது. கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினார். தெரு வழியாகப் போனால் சங்கக் கொட்டகையைத் தாண்ட வேண்டும். அவர் வாய்க்கால் கரையில் இறங்கி நாணல் மறைவிலேயே நடந்தார்.

மாட்டுக் கொட்டகை வாசலில் பண்ணைக் காரியஸ்தர் நாகநாதன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேம்புவை ‘டேய்’ என்று அழைத்த வாய் அது. அரசப்பனைப் பார்த்ததும், “வாங்க தம்பி. மெட்ராஸ்லேருந்து எப்ப வந்தீங்க?” என்றது.

அந்த ‘ங்க’வைக் கேட்டதும் அரசப்பனுக்கு உள்ளே என்னவோ இனித்தது.

“இந்த மாட்டோட வால் வேணுங்க. ஆராய்ச்சிக்கு.”

நாகநாதன் முகமெல்லாம் சிரிப்பானார். “அதுக்கென்னங்க, தாராளமா அறுத்துக்கங்க. உங்களுக்கு இல்லாத உரிமையா?” அரிவாளையும் அவரே எடுத்துக் கொடுத்தார். அரசப்பன் வாலை அறுத்து, நார்களை உருவி, உப்புத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலில் போட்டுக்கொண்டார். கைகூப்பிவிட்டு வந்த வழியே திரும்பினார். நன்றி வேறு சொன்னார்.

அன்று சாயங்காலமே டீக்கடையில் நாகநாதனின் குரல் தெருவுக்கே கேட்டது. “காலேஜ்ல படிக்கிற பையன், தானா வந்து கும்பிட்டு வாலை அறுத்துக்கிட்டுப் போறான். இங்க என்னடான்னா எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவனுக்கெல்லாம் கவுரவம் கேக்குது!”

வீரையன் வீட்டுக்கு வந்தார். கூரைக்குக் கீழே குனிந்து நுழைந்தபோது மண்டையில் தையல் போட்ட தழும்பு தெரிந்தது. பாட்டிலைப் பார்த்தார். அரசப்பன் ஆராய்ச்சியைப் பற்றி வேகவேகமாக என்னென்னவோ சொன்னார். சித்தப்பா முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“மாட்டைத் தொட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லலடா. அது உன் படிப்பு. எங்ககிட்ட கேட்டிருந்தா, உனக்காகன்னு நாங்களே நாலு பேரு சேர்ந்து தெரு வழியா எடுத்தாந்து குடுத்திருப்போம். நீ வாய்க்கா ஓரமா மறைஞ்சு போனியே, அது எதுக்கு?”

அரசப்பன் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி இறுக்கினார். சித்தப்பா எழுந்து போய்விட்டார்.

மறுநாள் செல்லதுரை போய் அந்த எருதைத் தூக்கினான். தெருவின் கடைசிக் குடிசைக்காரன். சின்னப் பிள்ளைகள் நிறைய. ஒரு மரக்கால் நெல்லைக் காட்டி நாகநாதன் கூப்பிட்டிருந்தார். தெருவில் யாரும் அவனை ஏசவில்லை. ஏச வாய் இல்லாமல் போயிற்று.

அரசப்பன் அவன் குடிசைக்குப் போனார். “இனிமே போகாதீங்கண்ணே. எல்லாருமாச் சேந்து எடுத்த முடிவு இல்லையா?”

செல்லதுரை கோபப்படவில்லை. உண்மையிலேயே விளங்காதவனைப்போலத்தான் கேட்டான். “நீங்க தொட்டா படிப்பு, நான் தொட்டா இழிவாங்க தம்பி?”

உள்ளே ஈயச் சட்டியில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அரசப்பன் திரும்பி வந்தார். அன்றைக்கே ரயிலேறிவிட்டார்.

படம் முதல் தடவையிலேயே விழுந்தது. கன்றின் நாரும் கிழட்டு எருதின் நாரும் அடிப்படை முறுக்கில் ஒன்றேதான் என்று அவர் கட்டுரை எழுதினார். வயது ஏற ஏற, இழைகளுக்கு இடையே பிணைப்புகள்தாம் கூடுகின்றன. பட்டம் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. பேராசிரியரே அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டினார். பாராட்டு விழாவில் எல்லோரும் கை தட்டியபோது அரசப்பன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கூச்ச சுபாவம் என்று பேசிக்கொண்டார்கள்.

தெருவில் மற்றவர்கள் பழையபடி முடிவில் நின்றார்கள். செல்லதுரைக்கு மட்டும் அது தொழிலாகவே ஆகிவிட்டது. சுற்று வட்டாரத்தில் எங்கே மாடு செத்தாலும் அவனுக்குத்தான் ஆள் வரும். அவன் மகனைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்றும், பெண்ணுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் விசாரித்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள் என்றும் அம்சம் அவ்வப்போது சொல்வாள். அரசப்பன் மாதாமாதம் செல்லதுரைக்கு மணியார்டர் அனுப்பிப் பார்த்தார். ‘எதுக்குன்னு தெரியல’ என்று அவன் திருப்பிவிட்டான்.

இந்தத் தை மாதம் ஊருக்குப் போய்விட்டுத் திருவாரூர் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். உட்கார இடம் கிடைத்திருந்தது. வழியில் ஒரு நிறுத்தத்தில் பின்வாசலில் ஏறியவர் செல்லதுரை. தலை முழுக்க நரை. அரசப்பனை அடையாளம் கண்டு, பல் தெரியச் சிரித்தார். கூத்தாநல்லூரில் பாதி பஸ் இறங்கியது. அரசப்பன் பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினார்.

“உக்காருங்கண்ணே.”

“வேணாம் தம்பி. காலையில ஒரு மாடு. குளிச்சுட்டுத்தான் வர்றேன், ஆனாலும் வாடை போவல. பக்கத்துல உக்காந்தா எந்திரிச்சுப் போயிடுறாங்க. நின்னுக்கிட்டே வந்தா ஒருத்தருக்கும் தொந்தரவு இல்ல பாருங்க.”

சொல்லிவிட்டு, சாதாரணமாக ஜன்னல் வழியே வயலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அரசப்பன் எழுந்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் போய், செல்லதுரை பிடித்திருந்த கம்பியையே தானும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சார், சீட்டு காலியாத்தானே கெடக்கு, உக்காருங்க” என்றார் கண்டக்டர்.

திருவாரூர் வரும்வரை அந்த இருக்கை காலியாகவே வந்தது.