கோளாறான லென்ஸுக்குக் கிடைத்த மரியாதை

போன ஞாயிறு கோலா சிலாங்கூரில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் ஆள் உயரத்துக்குப் பெண்ணின் படம். வருகிறவர்கள் எல்லாம் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தை எடுத்தவன் நான்தான். பெருமைப்பட வேண்டியதுதானே?

அது நான் குப்பை என்று ஒதுக்கிய படம்.

கதைக்கு முன் கொஞ்சம் கேமரா பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள், என் பைத்தியம் உங்களுக்குப் புதிதல்ல. இப்போதைய பைத்தியம் இன்ஃப்ராரெட் — கண்ணுக்குத் தெரியாத ஒளியில் படம் எடுப்பது. பழைய கேமரா ஒன்றைப் பிரித்து, அந்த ஒளியைத் தடுக்கும் கண்ணாடியை எடுத்துவிட்டு, அதை மட்டும் உள்ளே விடும் கண்ணாடியைப் பொருத்த வேண்டும். அவ்வளவுதான். பச்சை இலையெல்லாம் வெள்ளை வெளேரென்று விழும். எங்கள் செம்பனைத் தோட்டத்தில் வியர்வை வழிய நின்றுகொண்டு பனிக்காலத்தைப் படம் பிடிக்கலாம்!

கேமராவை மாற்றுவது சுலபம். லென்ஸ்தான் கழுத்தை அறுக்கும். சில லென்ஸ்கள் இந்த ஒளியில் படத்தின் நடுவே ஒரு வெள்ளை வட்டம் போட்டுவிடும். ஹாட் ஸ்பாட் என்பார்கள். விலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆசை ஆசையாய் வாங்கிய என் போர்ட்ரெய்ட் லென்ஸ், ஒளி நுழையும் துளையை, அதாவது அப்பர்ச்சரைச் சுருக்கச் சுருக்க நடுவில் நிலாவை ஏற்றுகிறது. கேமராவோடு சும்மா வந்த பிளாஸ்டிக் லென்ஸோ படு சுத்தம். ஆகவே யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒவ்வொரு அப்பர்ச்சரிலும் ஒரு டெஸ்ட் ஷாட் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இனி புவனா அக்கா. தோட்டத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த லயம். தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நல்ல கறுப்பு. சிரித்தால் தோட்டத்துக்கே கேட்கும். கல்யாணத்துக்கு முன் ஒரு போட்டோ ஷூட் வேண்டும் என்றார். படமெடுக்க எல்லாரும் செகிஞ்சான் நெல் வயலுக்குத்தான் ஓடுகிறார்கள், நாம் தோட்டத்திலேயே எடுப்போம், பனி பெய்ய வைக்கிறேன் என்றேன். மாப்பிள்ளைக்குக் கிள்ளானில் வேலை, லீவு கிடைக்கவில்லையாம். அக்கா மட்டும் சிவப்புப் பட்டுப் புடவையில் வந்து நின்றார்.

சாதாரண கேமராவிலும் சில படங்கள் எடுத்தேன். அதில் ஒன்றில், செம்பனைப் பழக்குலை ஏற்றிப்போன லோரியிலிருந்து யாரோ கிண்டலாக ஏதோ கத்த, அக்கா திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். கன்னத்தில் மாலை வெயில். திரையில் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"தம்பி, மண்டப வாசல்ல இதத்தான் வைக்கணும். வேற எதுவும் நான் கேக்க மாட்டேன்."

பனிப் படங்களைப் பிளாஸ்டிக் லென்ஸில் முடித்தேன். கை சும்மா இருக்குமா? கடைசியில் போர்ட்ரெய்ட் லென்ஸை மாட்டி, அப்பர்ச்சரை நன்றாகச் சுருக்கி, அக்காவை நடுவில் நிறுத்தி ஒரு டெஸ்ட் ஷாட் எடுத்தேன். நிலா சரியாக அவர் முகத்தில் உதித்தது.

இன்ஃப்ராரெட்டில் தோலின் கறுப்பு பாதி கரைந்துவிடும். மீதியை ஹாட் ஸ்பாட் விழுங்கியிருந்தது. மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சிவப்புப் புடவை வெள்ளையாகிவிட்டது. குங்குமப் பொட்டைக் காணவே காணோம். இந்த ஒளியில் சிவப்புக்கு அதுதான் கதி.

"என்னா தம்பி, தாலி ஏறுறதுக்கு முன்னாடியே அறுத்துட்டியா?" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் படத்தை வாங்கி, விளையாட்டாகக் கல்யாண வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார்.

அன்றைக்கே மாப்பிள்ளையின் அம்மா என்னைப் போனில் கூப்பிட்டார்.

"தம்பி, இதுல பாரேன், புள்ள எவ்வளோ செவப்பா இருக்கா. வாசலுக்கு இதையே பெருசா போட்டுரு லா."

அது லென்ஸின் கோளாறு, கெட்டுப்போன படம் என்று விளக்கினேன்.

"கெட்டுப்போச்சுன்னு யாரு சொன்னா? பொட்டும் சேல கலரும் மட்டும் எடிட்ல வெச்சுக் குடு."

யோசித்துப் பாருங்கள். கிளம்பும்போது பூனை குறுக்கே வந்தால் திரும்பி வந்து தண்ணீர் குடிக்கிறவர்கள் நாம். கல்யாணத் துணியில் ஒரு கறுப்பு நூல் ஓடினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள். இங்கே கல்யாணப் பெண் வெள்ளைப் புடவையில், வெறும் நெற்றியோடு நிற்கிறாள்... ஒருவருக்கும் அபசகுனமாகத் தெரியவில்லை. முகம் வெளுத்துவிட்டதல்லவா? மற்ற சகுனமெல்லாம் அதற்குக் கீழேதான்.

அக்கா குழுவில் தன் சிரித்த படத்தைப் போட்டு, எனக்கு இதுதான் வேண்டும் என்று எழுதினார். அதில் ரொம்ப டல்லாக இருக்கிறாய் என்று வருங்கால மாமியாரிடமிருந்து பதில். பிறகு குழுவே மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தது. வந்தார். ஒரு கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனார்.

அம்மாவின் செய்திக்கு.

நான் தர மாட்டேன் என்று கொஞ்ச நாள் போனை எடுக்காமல் இருந்தேன். அக்காவின் அப்பா மோட்டாரில் தேடி வந்துவிட்டார். இறங்கக்கூட இல்லை. "குடுத்துருய்யா. ஒரு போட்டோவால பிரச்சன வேணாம்," என்றார். கொடுத்தேன். அந்த நெற்றியில் பொட்டை வரைந்ததும் நான்தான்.

ஞாயிறு காலை அக்கா காரிலிருந்து இறங்கினார். மேக்கப் போட்டவர் முடிந்தவரை வெள்ளையடித்திருந்தார். அப்படியும் படத்தை எட்ட முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டு உறவுக்காரப் பெண்மணி ஒருவர் பேனரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி பேனரைப் பார்த்தார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நானும் உள்ள வரணுமா, இல்ல இவளயே மணவறையில உக்கார வெச்சிருவீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குத்தான் அடக்க முடியாத சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை. புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பேனரைத் தாண்டி உள்ளே போனார்.

டெஸ்ட் ஷாட் எடுக்காமல் லென்ஸ் வாங்காதீர்கள் என்றேன் இல்லையா? கோளாறு தெரிந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

புவனா அக்காவுக்கும் டெஸ்ட் ஷாட் கிடைத்தது — பத்திரிகை அடித்து முடித்த பிறகு.