பச்சைக் காரின் சாவி

சந்தேகம் என் கூடப் பிறந்த குணம். வாடிக்கையாளர் சொல்வதில் பாதியைத்தான் நம்புவேன். காப்பியில் சர்க்கரை போட்டாச்சு என்று மனைவி சொன்னாலும் ஒரு தடவை கலக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், இது நடந்தது. அந்த எஞ்சினில் வேலை பார்த்தவை இந்தக் கைகள்தான்.

அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் வடக்குக் கோடியில், சுப்பீரியர் ஏரிக் கரையோரம், எனக்கும் வெய்க்கோவுக்கும் கூட்டாக ஒரு கார் பட்டறை இருந்தது. 1987, டிசம்பர் மாதம். குளிர்காலத்தில் எங்கள் ஊரில் யாரும் காரிலிருந்து சாவியை எடுப்பதில்லை. பனி வாரும் வண்டி வந்தால், பக்கத்தில் இருப்பவர் எவரும் காரை நகர்த்திவிடலாம் அல்லவா? ஊரிலேயே சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிற ஆள் நான் ஒருவன்தான்.

"உன் ஓட்டைக் கார யாருப்பா தூக்கிட்டுப் போகப் போறான்? கரடியா?" என்று வெய்க்கோ கிண்டல் செய்யாத நாள் கிடையாது.

இர்யா ஒரு வியாழக்கிழமை மதியம் வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். புருஷன் ஏரியில் ஓடும் சரக்குக் கப்பலில் இருந்தான். கைக்குழந்தையுடன் ஒரு வாடகை வீட்டின் மாடியில் தனியாகக் குடியிருந்தாள். கார் ஷெட் நேர் கீழே. கார் பழசு, பச்சை நிறம், 72-இல் செய்தது. கொழுந்தன் ஏதோ ஏலத்தில் எடுத்துக் கொடுத்திருந்தான்.

"அணைச்ச பிறகும் ஓடுது, எய்னார்" என்றாள் என்னிடம்.

"எவ்வளவு நேரம்?"

"மாடி ஏறி, புள்ளையப் படுக்க வெச்சிட்டு நிமிந்தா, கீழ சத்தம் கேக்குது. இறங்கி வந்து கார் கதவத் தொறந்தா நின்னுடுது."

"சாவிய ஒழுங்காத் திருப்புனீங்களா?"

"திருப்பாம எப்படி எடுக்க முடியும்? சாவி என் கையிலதான் இருக்கு. வீட்டுச் சாவியும் அதே வளையத்துலதான்." அவள் குரல் உடைந்தது. "செவ்வாக்கெழம எனக்குக் கண்ணசந்துடுச்சு. புகை மேல வந்து, புள்ள வாந்தி எடுத்து, கண்ணு சொருகிடுச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். இனிமே ஓடாதுன்னு நீங்க சொல்லுங்க. அப்பத்தான் நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவேன்."

பழைய கார்களில் இது சகஜம். எஞ்சினுக்குள் கரி படிந்து, சூட்டில் கங்கு மாதிரி சிவந்து கிடக்கும். சாவியைத் திருப்பி அணைத்தாலும் அந்தக் கங்கு பெட்ரோலைக் கொளுத்திக்கொண்டே இருக்கும். மட்டமான பெட்ரோல் என்றால் இன்னும் மோசம். ஆனால் அந்த ஆட்டமெல்லாம் கொஞ்ச நேரம்தான். தடதடவென்று உதறும், இருமும், அடங்கிவிடும். மாடியில் குழந்தை தூங்கும் வரை எந்த எஞ்சினும் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஆகவே முதலில் இர்யாவைத்தான் சந்தேகப்பட்டேன். தூக்கக் கலக்கத்தில் அணைக்க மறந்திருப்பாள், இப்போது காரின் மேல் பழி போடுகிறாள் என்று நினைத்தேன்.

இருந்தாலும் குழந்தை விஷயம். கரியைச் சுத்தம் செய்தேன். சும்மா நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைக் குறைத்தேன். சூடேறும் வரை ஓட்டி, அணைத்து, மறுபடி ஓட்டி அணைத்தேன். ஒவ்வொரு முறையும் சமர்த்தாக நின்றது.

அப்போதுதான் சாவித் துவாரத்தைக் கவனித்தேன். அதைச் சுற்றி மெல்லிய கீறல்கள். ஒன்றிரண்டு அல்ல, ஏகப்பட்டவை. பழைய சொந்தக்காரன் குடிகாரனாக இருப்பான் என்று எண்ணிக்கொண்டே பூட்டைக் கழற்றினேன். தேய்ந்த பூட்டில் அணைத்த பிறகும் மின்சாரம் ஓட வாய்ப்புண்டு. உள்ளிருந்து ஒரு கம்பித் துண்டு விழுந்தது. பெண்கள் தலையில் குத்தும் ஊசி. வளைந்து, திருகி, ஒடிந்துபோனது.

என் சந்தேகம் இர்யாவை விட்டுக் கொழுந்தன் மேல் தாவியது. திருட்டுக் கார்!

புதுப் பூட்டைப் பொருத்தினேன். பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. நான்கரை மணிக்கே வெளியே இருள் கவியத் தொடங்கிவிட்டது. வெய்க்கோ வீட்டுக்குப் போய்விட்டான். 4.50-க்கு எஞ்சினை அணைத்தேன். நின்றது. சாவியை வழக்கம்போல் பையில் போட்டுக்கொண்டு, பின்பக்க அறைக்குப் போய் ஷெரிஃப் ஆபீசுக்குப் போன் போட்டேன். துணை ஷெரிஃப் லாரோஷ் வெளியே போயிருந்தார். கார் நம்பரைச் சொல்லி, விசாரிக்கச் சொன்னேன்.

போனை வைத்தேன்.

ம்ம்ம்ம்ம்...

சுவருக்கு அந்தப் பக்கம்... எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

உதறல் இல்லை. இருமல் இல்லை. இப்போதுதான் யாரோ சாவி போட்டுக் கிளப்பிய மாதிரி, சீராக...

வெய்க்கோ விளையாடுகிறான் என்று நினைத்தேன். "டேய், போதும்டா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். பட்டறையில் யாரும் இல்லை. ஷட்டர் உள்பக்கம் தாழ் போட்டிருந்தது.

பானட்டைத் திறந்தேன். பொறி தரும் காயிலின் ஒயரைப் பிடுங்கினேன்.

ஓடியது.

பேட்டரி ஒயரைக் கழற்றினேன்.

ஓடியது. உள்ளே ஹீட்டர் விசிறியும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஹீட்டரைத் தொடவே இல்லை.

புகை கண்ணை எரித்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

கார்க் கண்ணாடிகளில் ஆவி படிந்திருந்தது... உள்பக்கமாக.

ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, யாரோ துடைத்துவிட்டு வெளியே பார்த்த மாதிரி ஓர் இடம்.

எனக்குப் பயம். ஒளிக்காமல் சொல்கிறேன்.

கதவைத் திறந்தேன்.

எஞ்சின் நின்றது.

உள்ளிருந்து குளிர் வந்து முகத்தில் அறைந்தது. ஹீட்டர் ஓடிய காரிலிருந்து... அவ்வளவு குளிர்.

சீட்டில் யாரும் இல்லை.

புதுப் பூட்டு...

அதைச் சுற்றிக் கீறல்கள்.

அவை எதைத் தேடிய கீறல்கள் என்று ஏனோ எனக்குப் புரிந்தது. பையிலிருந்து சாவியை எடுத்தேன். துவாரத்தில் செருகி, அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினேன். பனியில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை.

மறுநாள் பட்டப்பகலில், ஒயர்களை மறுபடி மாட்டி, வெய்க்கோவைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சோதித்தேன். சாவியை உள்ளே விட்டுத் தெருவரை நடந்தோம். அமைதியாக இருந்தது. சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். ஓடியது. வெய்க்கோவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அதன்பிறகு அவன் வாயில் கரடிக் கிண்டல் வரவே இல்லை.

காரணம் தெரியாமல் நான் பழுது பார்த்த ஒரே கார் அதுதான்.

இர்யாவிடம், "இத விட்டுடுங்க, நான் வேற பாத்துத் தரேன்" என்றேன்.

"வேற வாங்க வழி இல்லையே, எய்னார்."

புதுச் சாவியைத் தன் வீட்டுச் சாவி வளையத்தில் கோக்கப் போனாள்; தடுத்தேன். "அப்ப கார் சாவிய வெளியே எடுக்காதீங்க. பூட்டோட கெடக்கட்டும். ஷெட்லயும் விடாதீங்க, வெளியவே நிறுத்துங்க."

"ஏன்?"

"எடுக்காதீங்க. அவ்வளவுதான்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனால் சொன்னபடி செய்தாள். கார் அதன்பின் ஒருமுறைகூடத் தானாக ஓடவில்லை. குழந்தை நன்றாகத் தூங்கியது.

அடுத்த வாரம் டயர் மாற்ற லாரோஷ் வந்தார். கொண்டுவந்த பாஸ்டியை, இறைச்சி அடைத்த ரொட்டியை, கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல் பேசினார்.

"திருட்டு வண்டியெல்லாம் இல்லப்பா. அந்தப் பச்ச வண்டி எனக்குத் தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முந்தி, பனிப்புயல்ல தெற்கத்தி ஜோடி ஒண்ணு அதுல மாட்டிக்கிச்சு. புருஷன் உதவி தேடி நடந்து போனான். போறப்ப எஞ்சின அணைச்சிட்டு, பழக்கத்துல சாவியையும் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டான்."

"அப்புறம்?"

"அவன் ஒரு பண்ணை வீட்டுக்குப் போய்ச் சேந்து பொழச்சிக்கிட்டான். அந்தப் பொண்ண நாங்க கண்டுபிடிக்க மறுநாள் மத்தியானம் ஆயிடுச்சு. ஓட்டுநர் சீட்டுக்கு மாறி உக்காந்தபடியே வெறச்சுச் செத்துப் போயிருந்தா. விரல் எல்லாம்..."

பாஸ்டியை மறுபடி காகிதத்தில் சுற்றினார்.

"டாங்க் நெறைய பெட்ரோல் இருந்துச்சு, எய்னார்."

தலையில் குத்தும் ஊசியைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. அது இன்னும் என் மேஜைக்குள்தான் கிடக்கிறது. அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். கை தானாகச் சாவிக்குப் போயிற்று. அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன். அன்றிலிருந்து என் சாவி காரிலேயேதான் இருக்கிறது. எந்தத் திருடன் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகட்டும்.