கிளெய்ம் சாரும் சத்தத்தம்மாவும்

எங்கள் கார் ஷோரூமில் வாரன்டி வேலை பார்ப்பவரை எல்லோரும் கிளெய்ம் சார் என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் இருக்கும், யார் பார்த்தது? நான் சர்வீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்து, வண்டி கொண்டுவருகிறவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவள். எனக்கு வாய் நீளம். அவருக்கு வாயே கிடையாது.

வாரன்டி முடியாத வண்டியில் ஏதாவது கெட்டுப்போனால் நாங்கள் இலவசமாகச் சரிசெய்து தருவோம், செலவைக் கம்பெனி எங்களுக்குத் தரவேண்டும். கம்பெனி சும்மா தூக்கிக் கொடுத்துவிடுமா? என்ன குறை, எதனால் வந்தது, என்ன செய்தீர்கள் என்று எல்லாவற்றையும் எழுதிப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். கழற்றிய பழைய பாகத்தில் அட்டை கட்டி, கம்பெனி இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அந்தப் பழைய சாமான் அறைதான் கிளெய்ம் சாரின் இடம். ஜன்னல் கிடையாது, எப்போதும் எண்ணெய் நாற்றம். மதியச் சாப்பாடும் அங்கேயேதான். எங்களோடு உட்காரச் சொல்லிப் பார்த்தாயிற்று. "நீங்க சாப்பிடுங்கம்மா, எனக்கு வேலை கிடக்கு" என்பார். ஒரு வேலையும் கிடக்காது.

அனுப்புவதில் பாதியைக் கம்பெனி திருப்பி அடிக்கும். தண்ணீர் புகுந்திருக்கிறது என்பார்கள், ஓட்டியவர் கவனக்குறைவு என்பார்கள். வேறு ஆளாக இருந்தால் போனைப் போட்டு நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பான். இவர் "சரி, இல்லைன்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டிலும் மனுஷன் தனிக்கட்டை. மாடியில் ஒற்றை அறை, எங்கோ தொலைவில் ஒரு தங்கை. லீவு எப்படிப் போச்சு என்று கேட்டால் "போச்சும்மா" என்பார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல் கறக்க முடியாது.

இப்படிப்பட்டவரை வாயைத் திறக்கவைத்தது சத்தத்தம்மாதான். அந்தப் பெயர் மெக்கானிக்குகள் வைத்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர், சின்னதாக ஒரு கார். வண்டியில் டிக்டிக்கென்று ஒரு சத்தம் வருகிறது என்று வந்தார். சத்தம் என்றால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு: இரண்டு பேராகப் போகவேண்டும், ஒருவர் ஓட்ட, மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்க. போனார்கள், வந்தார்கள். ஒன்றும் இல்லை. மறுபடி வந்தார், இந்தத் தடவை அவரே ஓட்ட மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து போனான். அப்போதும் ஒன்றும் இல்லை. காதில் கேட்காத சத்தத்துக்கு யார் கிளெய்ம் எழுதுவது?

அடுத்த முறை மகனோடு வந்தார். அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு அவர் மட்டும் என் கவுன்ட்டருக்கு வந்தார்.

"மேடம், நானும் கூட உக்காந்து போய்ப் பாத்துட்டேன். சத்தமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அப்பா போனதுக்கு அப்புறம்தான் இது ஆரம்பிச்சுதாம், அம்மாவே சொல்றாங்க. உங்களுக்குப் புரியுதுல்ல?" என்று விரலால் நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டினார். "இப்படி இல்லாததெல்லாம் கேக்க ஆரம்பிச்சா ரோட்டுல எப்படி விடுறது? மாசக் கடைசில வண்டிய வித்துட்டு அம்மாவ என்னோட கூட்டிட்டுப் போயிடப்போறேன். கடைசியா ஒரு தடவை பாத்துடுங்க. அவங்களுக்கும் ஒரு திருப்தி."

அம்மாவின் காதில் விழாமலா இருக்கும்? எழுந்து வந்தார்.

"வயசுக்காலமெல்லாம் எக்ஸ்சேஞ்சுல காதுல ஹெட்போன மாட்டிட்டு உக்காந்திருந்தவ நான். யாரு பேசுறா, யாரு அழுறா, யாரு வெறும் மூச்சு விடுறான்னு எல்லாம் தெரியும். எனக்கு என்னடா கோளாறு?" என்று மகனைக் கேட்டார். மகன் என்னைப் பார்த்து, பாத்தீங்களா என்பதுபோல் தலையை ஆட்டினார். வண்டியை விட்டுவிட்டு இருவரும் போனார்கள்.

கிளெய்ம் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிப் புலம்பினேன். வேறு நான் என்ன செய்ய?

அன்றைக்குச் சாமான் ஏற்றிவந்த லாரி உள்ளே வர முடியாமல் சத்தத்தம்மாவின் வண்டி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. ஆள் யாரும் சும்மா இல்லை. "சார், கொஞ்சம் எடுத்துப் பின்பக்கம் விட்டுடுங்களேன்" என்று கிளெய்ம் சாரிடம் சாவியைக் கொடுத்தேன். பின்வாசலுக்கு நாலு தெரு சுற்றித்தான் வரவேண்டும். போனவர் திரும்பி வந்தபோது நான் பயந்தே போனேன். மனுஷன் ஓடிவருகிறார்! அவர் வேகமாக நடந்துகூட நான் பார்த்ததில்லை.

"கேக்குதும்மா! டிக்டிக்னு நல்லாவே கேக்குது!"

மெக்கானிக்கைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போனார். சத்தம் இல்லை. "சார், உங்களுக்கும் தொத்திக்கிச்சா?" என்று அவன் சிரித்தான். கிளெய்ம் சார் வண்டியை நிறுத்தி அவனை இறங்கச் சொன்னார். தனியாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "இப்ப நீ மட்டும் போயிட்டு வா" என்று சாவியை அவன் கையில் வைத்தார். போய் வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை.

பக்கத்து இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்த அடியில் இருக்கும் தண்டவாளத்தில் கொஞ்சம் ஆட்டம். ஆள் உட்கார்ந்தால் பாரத்தில் அமுங்கி வாயை மூடிக்கொள்ளும். காலியாக இருந்தால் ஆடி ஆடித் தட்டும். புது வண்டியாக வாங்கிய நாள்முதல் அந்த ஆட்டம் இருந்திருக்க வேண்டும். கணவர் இருந்தவரை அந்த அம்மாள் தனியாக எங்கே போனார்?

கிளெய்ம் சார் எழுதி அனுப்பினார். எவ்வளவு அடிக்கடி சத்தம் வருகிறது என்று கம்பெனி திருப்பிக் கேட்டது. என் கவுன்ட்டர் போனிலிருந்துதான் அந்த அம்மாவைக் கூப்பிட்டார்.

"பக்கத்துல ஆள் இல்லாம எப்பல்லாம் ஓட்டுவீங்கம்மா?"

எதிர்முனையிலிருந்து "எப்பவும்தான் தம்பி" என்றது எனக்கே கேட்டது. போனை வைத்த பிறகும் அவர் கை அதன் மேலேயே இருந்தது.

கம்பெனி பதில் அனுப்பியது: ஆள் அமர்ந்தால் சத்தம் இல்லை, இருக்கை ஆள் அமர்வதற்கே, ஆகவே இருக்கையில் குறை இல்லை. என்ன புத்தி பாருங்கள்! வழக்கம்போல் "இல்லைன்னுட்டாங்க" என்று அடுத்ததை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. பழைய பாகங்களைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வந்த அன்று, வாசலிலேயே போய் மறித்துக்கொண்டார்.

"சார், இந்த வண்டிய நீங்க தனியா ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "காலி சீட்டுக்கெல்லாம் கிளெய்மா? பக்கத்துல ஒரு மூட்டைய வைக்கச் சொல்லுய்யா, சத்தம் நின்னுடும்."

"மூட்டையா சார்?" கிளெய்ம் சாரின் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. "வீட்டுக்காரர் உக்காந்த இடம் சார் அது! ஆள் இல்லாத இடத்துல சத்தம் வந்தா அது சத்தம் இல்லையா? நான் தனியா இருக்கறவன். ராத்திரி குழாய் சொட்டினா எனக்கு மட்டும்தான் கேக்கும். கூட இன்னொருத்தர் கேக்கலங்கறதுக்காகக் குழாய் சொட்டலைன்னு ஆயிடுமா? அந்த அம்மாவ, பெத்த புள்ளையே பைத்தியம்ங்கறான் சார். அவங்களுக்குக் கேட்டுச்சு. எனக்கும் கேட்டுச்சு. நீங்களும் போய்க் கேளுங்க!"

ஸ்பேனர் சத்தம்கூட நின்றுபோனது. அவருக்கே தான் கத்தியது உறைத்திருக்க வேண்டும், சாவியை மட்டும் நீட்டினார். இன்ஸ்பெக்டர் அதை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து, மாற்றிக்கொடுங்கள் என்று கையெழுத்துப் போட்டார்.

புதுத் தண்டவாளம் போட்ட அன்று சத்தத்தம்மா மகனோடு வந்தார். நடந்ததை நான்தான் விளக்கினேன். "நீங்க பக்கத்துல உக்காந்தா கேக்காது சார். அம்மா தனியாப் போகும்போதுதான் கேக்கும்." மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்பா போனதுக்கு அப்புறம்னு அம்மா சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்று முணுமுணுத்தார். சாவியை அம்மாவின் கையில் வைத்தார். "வண்டிய விக்கலம்மா. நீயே வெச்சுக்கோ." அவசர வேலை என்று சொல்லி அவர் தன் வண்டியில் கிளம்பிவிட்டார்.

சத்தம் போய்விட்டதா என்று பார்க்க அந்த அம்மாள் தனியாகவே ஒரு சுற்று போய் வந்தார். வந்தவர் இறங்கவில்லை. கிளெய்ம் சார் கண்ணாடிப் பக்கம் குனிந்தார்.

"கேக்குதாம்மா?"

"இல்ல தம்பி. சுத்தமா நின்னுடுச்சு." ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தம் இருந்தவரைக்கும், கேக்கறேன்னு யாராவது ஒருத்தர் ஏறி உக்காந்துட்டு வந்தாங்க. இனி யாரு வருவா?"

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லேன் மனுஷா என்று எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. அவர் வண்டியை முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார். கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

"போலாம்மா."

"எங்க தம்பி? சத்தம்தான் போயிடுச்சே."

"சும்மாதான்மா" என்றார் கிளெய்ம் சார்.