புத்தகம் எந்த ஊரில்?

எங்கள் நூலகத்துக்குப் புத்தகம் தேடும் திரையை வடிவமைத்தவன் நான்தான். தீவுகளில் உள்ள எல்லாக் கிளைகளின் புத்தகங்களையும் போனிலேயே தேடலாம். ஆசிரியர், பொருள், பதிப்பு, வரிசை எண் என்று பதினொரு கட்டங்கள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் பாராட்டினார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் காலை போர்ட் பிளேயர் நூலகத்தைத் திறந்தபோது ஒரு பெண் பையோடு வாசலில் நின்றாள். திக்லிபூர்க்காரி. முந்தின நாள் முழுக்க பஸ்ஸில் வந்திருக்கிறாள். நர்ஸ் வேலைக்கான பரீட்சைக்கு இன்னும் நான்கே நாள். அவள் கேட்ட புத்தகத்தைத் தேடினேன். ஒரே ஒரு பிரதி, திக்லிபூர்க் கிளையில் இருந்தது.

"எங்க வீட்டுப் பக்கத்துலயா?" என்றாள். "போன்ல அவைலபிள்னுதானே சார் காட்டுச்சு? பூரா தின், நாள் முழுக்க பஸ்ல உக்காந்து வந்தேனே!"

ஊர்ப் பெயர் இல்லாமல் இல்லை. 'முழு விவரம்' என்பதை அழுத்தி, அடுத்த பக்கத்தில் ஏழாவது வரிவரை இறங்க வேண்டும். பழகியவர்கள் இறங்குவார்கள்; இவள் எதற்கு இறங்க வேண்டும்? மெயின்லேண்டில் கிளை மாறிப் போனால் ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். இங்கே போக ஒரு நாள், வர ஒரு நாள். இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். அது என் மண்டையில் ஏறவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

திக்லிபூருக்குப் போன் செய்து புத்தகத்தை எடுத்துவைக்கச் சொன்னேன். அவள் மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் திரும்பினாள். நான் திரையைப் பிரித்துப்போட்டேன். முகப்பில் ஒரே கட்டம். புத்தகத்தின் பெயரைத் தட்டினால் அதற்கு முன்னால் அது இருக்கும் ஊர் வரும்.

"ஒரு பொண்ணு சரியா பாக்கலைன்னு எல்லாத்தையும் மாத்துவியா?" என்றார் மேலதிகாரி. "படிச்சவங்களுக்கு வரிசை எண்தான்பா வேணும்."

"அது எங்கயும் போகல சார். விரிவான தேடல்ல அந்தப் பதினொண்ணும் அப்படியே இருக்கு. ஊரு மட்டும் மொதல்ல வரணும்."

மூன்று முறை திருப்பி அனுப்பினார். நான்காவது முறையும் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். கையெழுத்து விழும்வரை நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

சில வாரம் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள்.

"புது ஸ்கிரீன் பாத்தேன் சார். இப்ப திக்லிபூர்னு எடுத்த உடனே காட்டுது."

பரீட்சை என்னாயிற்று என்று கேட்டேன்.

"வேலை கிடைக்கல சார். கடைசி ரெண்டு பாடம் படிக்க டைம் இல்ல."